லண்டன் ஃபிளாட்டின்ர ஃபிரீஹோல்டை வாங்கித் தந்த சொலிசிட்டர் கந்தோர்: உவர்மலை விறாந்தையில இருந்து ஒரு ரிவியூ

முதல்லயே ஸ்ராரைச் சொல்லிப்போடுறன், 5க்கு 4. அந்த ஒண்டை ஏன் வெட்டினனான் எண்டது கீழ வரும். ஃபிரீஹோல்ட் எண்டா கட்டிடத்தின்ரயும் நிலத்தின்ரயும் முழுச் சொந்தம், லீஸ் எண்டா குறிச்ச வருஷத்துக்கு மட்டும். லண்டன்ல ஒரு ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விட்டிட்டு இஞ்ச திருகோணமலையில வந்து இருக்கிற ஆக்கள் எங்கட உவர்மலையிலயே நாலைஞ்சு வீடு எனக்குத் தெரியும், அதில ரெண்டு வீட்டுக்காரருக்குத் தங்கட லீஸில எத்தினை வருஷம் மிச்சம் இருக்கெண்டே தெரியாது, கேட்டா "அது கனக்கக் கிடக்கு" எண்டு சொல்லுவினம், நானும் 2023 வரைக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். கந்தோரின்ர பேரை இதில போடேல்ல, நல்லதையும் சொல்லி நொட்டையும் சொல்லப்போறன், அதால பேர் வேண்டாம்.

என்ர ஃபிளாட் ஹரோவில, 2005ல கட்டின மூண்டு மாடிக் கட்டிடம், மொத்தம் 10 ஃபிளாட். லீஸ் 99 வருஷம், 2005 மார்ச்சில தொடங்கினது. அம்மாவுக்கு ஏலாமல் போன உடன 2019ல நான் வேலையை விட்டிட்டு இஞ்ச வந்திட்டன், ஃபிளாட்டில வாடகைக்கு ஆக்கள் இருக்கினம். வருஷத்துக்கு 150 பவுண்ஸ் கிரவுண்ட் ரெண்ட், அதாவது ஃபிரீஹோல்ட் வைச்சிருக்கிற கம்பனிக்குக் கட்டிற நில வாடகை, அது பரவாயில்லை, அவங்கள் கட்டிடப் பராமரிப்புக்கெண்டு எடுக்கிற சேர்விஸ் சார்ஜ்தான் ஏறி ஏறி ஒரு கட்டத்தில வாடகையின்ர கால்வாசியைத் திண்டுது, என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டா கணக்கு வரும், ஆனா விளக்கம் வராது. படிக்கட்டுக்குப் பெயின்ற் அடிச்சதுக்கு அவங்கள் போட்ட பில்லை இஞ்ச ஒரு மேசன் பாஸுக்குக் காட்டினன், மனுசன் சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்க கேக்குது.

லீஸ்ஹோல்ட் எண்டா என்னெண்டு இங்கிலாந்தில இருக்கிற ஆக்களுக்கே விளங்கிறது கஷ்டம், ஆனா எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்திறது சுகம். பெர்மிட் காணி இருக்கெல்லோ, குடியிருக்கலாம், வேலி போடலாம், கிணறு வெட்டலாம், ஆனா உறுதி உங்கட பேரில இல்லை, கடைசியில சொந்தக்காரன் வேற ஆள். அந்த மாதிரித்தான், ஒரே வித்தியாசம் அங்க சொந்தக்காரன் அரசாங்கம் இல்லை, ஆரோ ஒரு கம்பனி, அந்தக் கம்பனிக்குக் காசு குடுத்துத்தான் நீங்கள் அந்த 99 வருஷத்தை வாங்கினனீங்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கியளை 2003ல 35 வருஷத்துக்கு, பிறகு 2022ல 50 வருஷத்துக்கு எண்டு எழுதினதைப் பேப்பரில பாத்துக்கொண்டிருந்த ஊர் இது, லீஸ் முடிஞ்சா சாமான் ஆரிட்டப் போகும் எண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில ஃபிளாட் வாங்கினா கதை வேற, அங்க 1973ம் ஆண்டு அப்பார்ட்மென்ற் சட்டத்தால ஃபிளாட்டுக்கு உங்கட பேரிலயே உறுதி வரும், படிக்கட்டு, மொட்டைமாடி, லிஃப்ற் எல்லாத்திலயும் பங்கும் வரும். இங்கிலாந்தில அதே மாதிரி கொமன்ஹோல்ட் எண்டு ஒண்டை 2002 சட்டத்தில கொண்டுவந்தவை, ஆனா அப்பிடிக் கட்டின கட்டிடம் தேடித்தான் பிடிக்கோணும். கொழும்பில செய்யிறதை லண்டன்ல செய்யாமல் இருக்கிறாங்கள் எண்டதை என்ர மருமகனுக்குச் சொன்னா நம்பவேமாட்டான்.

சரி விசயத்துக்கு வாறன். 2023 ஆவணியில கீழ் ஃபிளாட்டில இருக்கிற வவுனியாத் தம்பி ஒருத்தர் வட்ஸ்அப்பில "அக்கா, எங்கட லீஸ் 80க்குக் கீழ போகப்போகுது, தெரியுமோ" எண்டு கேட்டார். 80க்குக் கீழ போனா என்ன தம்பி எண்டு கேட்டன். அப்பதான் மரேஜ் வல்யூ எண்ட சொல்லை முதல்முதல் கேள்விப்பட்டன், கலியாணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லீஸும் ஃபிரீஹோல்டும் ஒரே கையில சேரேக்க ரெண்டின்ரயும் பெறுமதி கூடும், அந்தக் கூடின பகுதியில பாதியைப் பழைய சொந்தக்காரனுக்குக் குடுக்கோணும், ஆனா 80 வருஷத்துக்கு மேல மிச்சம் இருந்தா அந்தப் பாதி குடுக்கத் தேவையில்லை. 80க்கு ஒரு நாள் பிந்தினாலும் எங்கட ஃபிளாட்டுகளுக்கு ஆளுக்குச் சில ஆயிரம் பவுண்ஸ் கூட. எங்களுக்கு இருந்தது ஏழு மாசம்.

அந்தத் தம்பிதான் இந்தக் கந்தோரைக் கண்டுபிடிச்சவர். முதல் அரை மணித்தியாலம் காசு இல்லை எண்டு போட்டிருந்துது, உண்மையாவே எடுக்கேல்ல. அந்த அரை மணித்தியாலத்துக்கே நான் ரெண்டு ஸ்ரார் குடுப்பன். வயசான சொலிசிட்டர் ஒருத்தர், பக்கத்தில ட்ரெயினி ஒரு தமிழ்ப் பிள்ளை, லண்டன்ல பிறந்தது, தமிழை மெல்ல மெல்லக் கதைக்கும், என்னை முதல் நாளே "அன்ரி" எண்டு கூப்பிட்டுது, நான் "சொல்லு பிள்ளை" எண்டன், அதோட சரி, பிறகு ஒண்டரை வருஷமும் எனக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினது அந்தப் பிள்ளைதான்.

அவையள் முதல்ல கேட்டது விலையைப் பற்றி இல்லை. கட்டிடத்தில எத்தினை ஃபிளாட், ஒவ்வொண்டும் ஆற்ற பேரில, கீழ கடை ஏதும் இருக்கோ எண்டு கேட்டவை. 1993ம் ஆண்டுச் சட்டம் இது, லீஸ்காரர் எல்லாரும் சேந்து, சொந்தக்காரன் விருப்பம் இல்லையெண்டாலும் ஃபிரீஹோல்டை வாங்கலாம், ஆனா மூண்டில ரெண்டு பங்கு ஃபிளாட்டாவது 21 வருஷத்துக்கு மேற்பட்ட லீஸில தகுதியான ஆக்களிட்ட இருக்கோணும், மொத்த ஃபிளாட்டில பாதியாவது சேரோணும், கடை கிடை இருந்தா அது தளப்பரப்பில கால்வாசிக்கு மேல போகக்கூடாது. எங்களுக்குக் கடை இல்லை, எல்லாம் 99 வருஷ லீஸ், 10 ஃபிளாட், அஞ்சு பேர் சேந்தாக் காணும், சுகமான வேலை எண்டு நான் நினைச்சுக்கொண்டு தேத்தண்ணியைக் குடிச்சன்.

அப்ப அந்த மனுசன் லாண்ட் ரெஜிஸ்ட்ரியில எடுத்த பட்டியலைத் திரையில போட்டார். மூண்டு ஃபிளாட் ஒரே ஆளின்ர பேரில. வாடகைக்கு விடுறதுக்கெண்டு வாங்கி வைச்சிருக்கிற ஒரு பிஸ்னஸ்காரர். சட்டத்தில என்னெண்டா, ஒரே கட்டிடத்தில ஒருத்தரிட்ட மூண்டு அல்லது அதுக்கு மேல ஃபிளாட் இருந்தா அந்த ஃபிளாட் ஒண்டுக்குமே அவர் தகுதியான ஆளாக் கணக்கில வரமாட்டார். 10ல 3 போச்சுது, மிச்சம் 7. மூண்டில ரெண்டு எண்டா 6.67, அதால 7 வேணும். சரியா 7 இருக்கு, ஒண்டும் மிச்சம் இல்லை.

அதோட முடிஞ்சிருந்தாலும் பறவாயில்லை, மேல் மாடியில ஒரு வயசானவர் தன்ர ஃபிளாட்டை விக்கப் போட்டிருந்தவர், அதை வாங்க வந்து நிண்டது ஆரெண்டு நினைக்கிறியள்? அதே பிஸ்னஸ்காரர். அவர் நாலாவதையும் வாங்கிப் பேர் மாத்தினா 6 தான் மிச்சம், கட்டிடத்துக்கே உரிமை போயிடும், மிச்சம் இருக்கிற 6 பேரும் சேந்தாலும் வேலை இல்லை. இதை அந்த மனுசன் சொல்லேக்க இஞ்ச இரவு ஒன்பதரை, அம்மா உள்ளுக்க இருந்து "ஆரோட சண்டை பிடிக்கிறாய்" எண்டு கேட்டவ, நான் ஒரு சொல்லும் பறையேல்ல, மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டிருக்கும் போல. ஃபிரீஹோல்டை வாங்கப்போறம் எண்டு சொந்தக்காரனுக்கு நோட்டிஸ் குடுக்கிற அண்டைக்குக் கணக்குச் சரியா இருந்தாக் காணும், அதுக்குப் பிறகு பிஸ்னஸ்காரர் எத்தினை வாங்கினாலும் எங்கட கேஸ் விழாது எண்டு சொலிசிட்டர் சொன்னார். அந்த விற்பனை முடிய ஆறு, ஏழு கிழமை எடுக்கும் எண்டு கணக்குப் போட்டு அதுக்கு முன்னம் எல்லாத்தையும் முடிச்சுத் தாறன் எண்டார், முடிச்சும் தந்தார். 4 ஸ்ராரில மிச்ச ரெண்டும் இதுக்குத்தான், இதைக் கவனிக்காத கந்தோர் எண்டா நாங்கள் காசையும் கட்டிப்போட்டு வெறும் கையோட நிண்டிருப்பம்.

இனி நொட்டை. ஆக்களைச் சேர்க்கிறது தங்கட வேலை இல்லை எண்டதை அவை முதல் நாள் சொல்லேல்ல. ஒரு "பார்ட்டிசிபேஷன் அக்ரிமென்ற்" எண்டு 14 பக்கத்தில அனுப்பினவை, ஆர் ஆர் சேருறியள், ஆளுக்கு எவ்வளவு, இடையில ஒருத்தர் விலகினா என்ன எண்டு எழுதினது, நல்லா எழுதியிருந்தினம், ஆனா அதைக் கொண்டுபோய் அயலட்டைக்கு விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கிறது எங்கட தலையில. அயலட்டை எண்டா ஹரோவில, நான் இருக்கிறது திருகோணமலையில. ஒரு மாசம் முழுக்க விறாந்தையில இருந்து வட்ஸ்அப்பில கூப்பிட்டன். குஜராத்தி அம்மா ஒராள், அவ மகனைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டா, மகன் அமெரிக்காவில, அவருக்கு நேரம் வேற. நேர்ஸ் வேலை செய்யிற கானா நாட்டுப் பிள்ளை ஒருத்தி, இரவு டியூட்டி, அவவைப் பிடிக்கிறதெண்டா எனக்கு விடிய நாலு மணி. போலந்துப் பெடியன் நேர எத்தினை காசு எண்டு மட்டும் கேட்டான், சொன்னன், சரி எண்டான், அவன்தான் நல்ல பெடியன். இளம் வெள்ளைக்காரச் சோடி ஒண்டு, வாங்கி ஒரு வருஷமும் இல்லை, எங்களுக்கு உரிமை இருக்கோ எண்டு பயந்தினம். நான் பிள்ளையிட்டக் கேட்டுச் சொன்னன், ரெண்டு வருஷம் வைச்சிருந்திருக்கோணும் எண்ட நிபந்தனை அப்ப தனியா லீஸ் நீட்டிறதுக்கு இருந்துது, எல்லாரும் சேந்து ஃபிரீஹோல்ட் வாங்கிறதுக்கு இல்லை எண்டு. நான், தம்பி, இவை நாலு வீடும், ஆறு. விக்கப் போட்டிருந்த கிழவர் சேரமாட்டன் எண்டிட்டார், அவருக்கு என்னத்துக்கு.

அந்தச் சோடிக்கு இன்னொரு சந்தேகம், இவ்வளவு காசு ஏன், தனியா லீஸை நீட்டினா என்ன எண்டு. நியாயமான கேள்வி. அதே 1993 சட்டத்தில தனி ஆளா லீஸை நீட்டலாம், மிச்சம் இருக்கிறதோட 90 வருஷம் கூட வரும், கிரவுண்ட் ரெண்ட் இல்லாமல் போகும். ஆனா சேர்விஸ் சார்ஜை நிர்ணயிக்கிறது அதே கம்பனிதான். மனேஜ்மென்ற்றை மட்டும் கையில எடுக்கலாம் எண்டா அதுக்கு ரைற் ரு மனேஜ் எண்டு 2002 சட்டத்தில வழி இருக்கு, சொந்தக்காரனுக்கு விலை குடுக்கத் தேவையில்லை, அவன் பிழை விட்டவன் எண்டு நிரூபிக்கவும் தேவையில்லை, ஆனா லீஸ் தேய்ஞ்சுகொண்டுதான் இருக்கும். எங்களுக்கு ரெண்டு வருத்தமும் இருந்துது, அதால முழுசா வாங்கிறதுதான் மருந்து. கட்டிடம் ஒழுங்கா இருக்கு, லீஸ் மட்டும் குறைவு எண்டா எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை, நீட்டிப்போட்டு இருங்கோ எண்டு அந்தப் பிள்ளையே சொன்னது, தங்கட வருமானத்தைப் பாக்காமல் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துது.

அடுத்தது அடையாளம். ஐயோ. பாஸ்போட் கொப்பி சேர்டிஃபை பண்ணி அனுப்புங்கோ எண்டிச்சினம், கோர்ட் பக்கத்தில இருக்கிற ஒரு சட்டத்தரணியிட்டக் கொண்டுபோனன், அவர் நொத்தாரிசும்தான், வடிவாச் சீல் குத்திக் கையெழுத்து வைச்சுத் தந்தார், அனுப்பினன், திருப்பி வந்திட்டுது, தாங்கள் சொல்லிற வசனம் அதில இல்லையாம், நேரில பாத்தனான், படம் இவவின்ரதான் எண்டு எழுதோணுமாம். அதை முதலே சொல்லியிருந்தா ஒரு ஓட்டோக் காசு மிஞ்சியிருக்கும். பிறகு விலாசத்துக்கு அத்தாட்சி, கரண்ட் பில் அனுப்பச் சொன்னவை. எங்கட வீட்டுக் கரண்ட் பில் அப்பாவின்ர பேரில, அப்பா மோசம் போய் 16 வருஷம், பேர் மாத்தோணும் எண்டு ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறது, இந்த ஊரில எத்தினை வீட்டு பில் செத்த ஆக்களின்ர பேரில வருது எண்டு லண்டன்காரனுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது? தண்ணி பில்லும் அப்பா. கடைசியில கிராம சேவகரிட்டப் போய் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில மேலொப்பம் வைச்சு அனுப்பினா, மொழிபெயர்ப்பு எங்க எண்டு கேட்டவை. அந்தப் பிள்ளைதான் உள்ளுக்க கதைச்சு, நான் தமிழ் வாசிப்பன், இதில இருக்கிறது இதுதான் எண்டு சொல்லி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டப் போகாமல் காப்பாத்திவிட்டது. வெளிநாட்டில இருக்கிற லீஸ்காரருக்கெண்டு ஒரு பக்கத்தில என்ன என்ன வேணும் எண்டு எழுதி வைச்சா என்ன குறைஞ்சு போகும்? வெட்டின ஸ்ராரில பாதி இதுக்கு.

நோட்டிஸுக்கு மட்டும் நல்ல காலம், பழைய சட்டத்தில ஒவ்வொரு லீஸ்காரரும் தன்ர கையாலதான் கையெழுத்து வைக்கோணுமாம், 2014ல அதை மாத்தி, எங்களுக்காக வேற ஆள் வைக்கலாம் எண்டு கொண்டுவந்திட்டினம். அது இல்லாட்டி அந்த ஆறு கிழமைக்குள்ள கூரியர் போய் வந்து முடிஞ்சிருக்காது. ஐப்பசியில, கிழவரின்ர விற்பனை முடிய ஒன்பது நாள் இருக்கேக்க, நோட்டிஸ் போச்சுது. பிஸ்னஸ்காரர் நாலாவதையும் வாங்கினார், வாங்கட்டும்.

விலைக் கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா எல்லாரும் பயப்பிடுறது இதுக்குத்தான். மூண்டு லட்சம் பவுண்ஸ் ஃபிளாட் பத்து எண்டா முப்பது லட்சம், அதை எங்கால வாங்கிறது எண்டுதான் குஜராத்தி அம்மாவும் கேட்டவ. சொந்தக்காரன் இழக்கிறதைத்தான் நாங்கள் குடுக்கிறம். அவனுக்கு என்ன வரும்? ஒண்டு, கிரவுண்ட் ரெண்ட், 80 வருஷத்துக்கு 150 பவுண்ஸ், அதை இண்டைய பெறுமதிக்குக் கொண்டு வந்தா ஒரு ஃபிளாட்டுக்கு ரெண்டாயிரத்து அஞ்ஞூறு பவுண்ஸ் மட்டில. ரெண்டாவது, 80 வருஷத்துக்குப் பிறகு ஃபிளாட் திரும்பி வாறது. 80 வருஷத்துக்குப் பிறகு வரப்போற 3 லட்சம் இண்டைக்கு எவ்வளவு? 2006ல ஸ்போர்ட்டெல்லி எண்டு ஒரு பெரிய வழக்கில ஃபிளாட்டுகளுக்கு வருஷம் 5% எண்டு கழிக்கோணும் எண்டு தீர்ப்பு வந்துது, அப்பிடிக் கழிச்சா ஆறாயிரம் பவுண்ஸ் தான். பத்து ஃபிளாட்டுக்கு 85 ஆயிரத்துக்குக் கிட்ட. சீட்டுப் பிடிச்ச ஆக்களுக்கு இது வடிவா விளங்கும், கடைசிச் சீட்டுக்காரன்ர காசை இண்டைக்கே கேட்டா எவ்வளவு கழிவு போகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஆனா இதில ஒரு முள்ளு இருக்கு. சேராத நாலு ஃபிளாட்டின்ர பங்கையும் சேந்த ஆறு பேர்தான் போடோணும். விலை மதிக்கிற சேர்வேயர் நல்ல மனுசன், கந்தோர் ஒழுங்கு பண்ணித் தந்த ஆள்தான், கட்டிடத்தை நேரில போய்ப் பாத்து, நோட்டிஸில 70 ஆயிரம் போடச் சொன்னார். சொந்தக்காரக் கம்பனிக்குக் கவுண்டர் நோட்டிஸ், அதாவது பதில் நோட்டிஸ், குடுக்கக் குறைஞ்சது ரெண்டு மாசம் விடோணும், சரியாக் கடைசிக் கிழமையில குடுத்தாங்கள், உரிமை இருக்கு எண்டு ஒத்துக்கொண்டு, விலை மட்டும் 1,21,000 எண்டு. நான் அண்டைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போட்டு வாறன், கோட்டைக்குள்ள மான் கூட்டத்துக்கு நடுவில நிக்கேக்க போன் வருது, பிள்ளை தொகையைச் சொல்லுது, ஒரு மான் என்ர பையில இருந்த வாழைப்பழத்தை இழுக்குது, நான் ஆரை விரட்டிறது எண்டு தெரியாமல் நிண்டன். "பயப்பிடாதேங்கோ அன்ரி, இது தொடக்கம்தான்" எண்டது. அவங்கள் கவுண்டர் நோட்டிஸ் குடுக்காமல் விட்டிருந்தா இன்னும் நல்லம், கோட்டுக்குப் போய் எங்கட விலையிலயே கேக்கலாம், ஆனா அந்த மாதிரிக் கம்பனியள் அந்தப் பிழை விடமாட்டாங்கள்.

பிறகு மாசக்கணக்கில சேர்வேயரும் சேர்வேயரும் இழுபறி. கவுண்டர் நோட்டிஸ் வந்து ஆறு மாசத்துக்குள்ள ட்ரிபியூனலுக்கு, அதாவது இந்த வழக்கைத் தீர்க்கிற தீர்ப்பாயத்துக்கு, போடாட்டி எல்லாம் அழிஞ்சு போகும், அந்தத் தேதியை அவை விடேல்ல, 2024 வைகாசியிலயே போட்டவை. அதே மாசம் புதுச் சட்டம் ஒண்டு பாஸ் ஆச்சுது, மரேஜ் வல்யூவை எடுக்கப்போறம் எண்டு, உடன வெள்ளைக்காரச் சோடி "இதை வாபஸ் வாங்கிப்போட்டுப் பொறுப்பம்" எண்டு குரூப்பில போட்டுது. சொலிசிட்டர் ஒரே ஈமெயில்: வாபஸ் வாங்கினா சொந்தக்காரன்ர செலவையும் நீங்கள் கட்டோணும், 12 மாசத்துக்குத் திருப்பி நோட்டிஸ் குடுக்கேலாது, அப்ப 80க்குக் கீழ நிப்பியள், நீங்கள் நிக்கிற இடத்தில மரேஜ் வல்யூ ஏற்கெனவே இல்லை, புதுச் சட்டத்தில அந்தப் பகுதி எப்ப நடைமுறைக்கு வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. குரூப் அமைதியாச்சுது. புரட்டாசியில 86,400 பவுண்ஸுக்கு முடிஞ்சுது, விசாரணைக்குப் போகவே இல்லை. ஆளுக்கு 14,400.

ஆளுக்கு 14,400 எண்டு நினைச்சுக்கொண்டிருந்தா, பிறகு வருது பாருங்கோ மற்றது. சொந்தக்காரன்ர சேர்வேயர் காசு, சொந்தக்காரன்ர சொலிசிட்டர் காசு, நியாயமான அளவு எண்டு சட்டத்தில இருக்கு, அதை வாங்கிற நாங்கள்தான் கட்டோணும். ட்ரிபியூனல் செலவு மட்டும் அவனவன்ர. முதல் ஈமெயிலில அது ஒரு வரியா இருந்துது, நான் பொய் சொல்லேல்ல, இருந்துது, ஆனா தொகை இல்லாமல். எங்கட சொலிசிட்டர், எங்கட சேர்வேயர், அவன்ர ரெண்டும், கம்பனி தொடங்கின காசு, ரெஜிஸ்ட்ரிக் காசு எல்லாம் சேத்து ஆளுக்கு 17 ஆயிரத்தைத் தாண்டிச்சுது, இஞ்சத்தக் காசில 60 லட்சத்துக்கு மேல. என்னட்ட லண்டன் பாங்கில வாடகைக் காசு கிடந்துது, அதால கட்டினன், இஞ்ச இருந்து அனுப்பிற நிலைமை எண்டா என்ன செய்திருப்பன் எண்டு தெரியாது. கானாப் பிள்ளை பாவம், பிந்தி வந்த பில்லுக்கு ஓவர்ரைம் செய்தவ. இதுக்குத்தான் வெட்டின ஸ்ராரின்ர மற்றப் பாதி. விலையைச் சொல்லேக்க முழு விலையைச் சொல்லுங்கோ, எங்கட மீன் சந்தையில கூட வெட்டுக்கூலியோட சேத்துத்தான் சொல்லுவாங்கள்.

2025 தையில முடிஞ்சுது. நாங்கள் ஆறு பேரும் பங்குகாரரா ஒரு கம்பனி, அந்தக் கம்பனியின்ர பேரில ஃபிரீஹோல்ட், பிறகு கம்பனி எங்களுக்கே 999 வருஷ லீஸ் எழுதித் தந்துது, கிரவுண்ட் ரெண்ட் இல்லை. அந்தப் பத்திரத்துக்குச் சாட்சி முன்னால கையெழுத்து வைக்கோணும், பக்கத்து வீட்டு ரீச்சரைக் கூப்பிட்டன், அவ கண்ணாடியைப் போட்டு 999 எண்டதைப் பாத்திட்டு "இது ஆர் இருந்து பாக்கிறதுக்கு" எண்டு கேட்டிட்டுக் கையெழுத்து வைச்சா. கூரியருக்கு ஆறு நாள்.

பழைய மனேஜ்மென்ற் ஏஜன்ரை நிப்பாட்டிப்போட்டு வேற ஆளைப் பிடிச்சம், இன்சூரன்ஸை நாங்களே மூண்டு இடத்தில விலை கேட்டு எடுத்தம், சேர்விஸ் சார்ஜ் இந்த வருஷம் குறைஞ்சிருக்கு. ஆனா சொந்தக்காரர் ஆகிறதெண்டா கூரை ஒழுகினாலும் எங்கடதான், மாசியிலயே ஒழுகிச்சுது, வவுனியாத் தம்பிதான் ஏறிப் பாத்தவர். கம்பனிக்கு வருஷாவருஷம் கொம்பனீஸ் ஹவுஸ் எண்ட கம்பனிப் பதிவுக் கந்தோருக்குப் பேப்பர் அனுப்போணும், டிரெக்டர் ஆர் எண்டு கேட்டா எல்லாரும் என்னைக் காட்டினவை, அக்கா பென்ஷன்ல இருக்கிறா தானே எண்டு. இதையும் கந்தோர் வடிவாச் சொல்லியிருக்கலாம், ஆனா இதுக்கு ஸ்ரார் வெட்டேல்ல, கேட்டிருந்தாச் சொல்லியிருப்பினம், நான் கேக்கேல்ல.

கூட்டம் வைக்கிற நேரம் ஒண்டு சொல்ல மறந்திட்டன். லண்டன் பின்னேரம் ஏழு மணி எண்டா மாரியில எங்களுக்கு இரவு பன்னெண்டரை. ரெண்டு கூட்டம் அப்பிடி இருந்து பாத்தன், மூண்டாவதில நித்திரையாப் போனன், கமெராவும் ஒன்ல. அதுக்குப் பிறகு அவையளே மத்தியானம் ஒரு மணிக்கு மாத்தினவை, கேக்காமலே. இஞ்ச ஆறரை, அம்மாவுக்கு விளக்கு வைச்சுக் குடுத்திட்டு வந்து இருக்கச் சரியா இருந்துது.

போன கிழமை பிஸ்னஸ்காரர் ஈமெயில் போட்டிருக்கிறார், ஃபிரீஹோல்டர் கம்பனியின்ர டிரெக்டர் எண்டு என்ர பேருக்கு. அவருக்கு நாலு ஃபிளாட்டின்ர லீஸையும் நீட்டோணுமாம். அவற்ற லீஸ் இப்ப 80க்குக் கீழ. அந்தப் பிள்ளைக்கு ஃபோர்வேட் பண்ணினன், இப்ப அது ட்ரெயினி இல்லை, முழுச் சொலிசிட்டர். "எவ்வளவு வரும் எண்டு சேர்வேயரைக் கேப்பம் அன்ரி, அவற்ற செலவில" எண்டு எழுதியிருக்கு.